விளையாட்டு அலைவரிசையின் விலையை வகுப்பவர் யார்?

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் ஆலயத்தின் வைகாசிப் பொங்கலுக்கு வன்னி ஆயத்தமாகும் காலத்திலேயே இந்தியன் பிரீமியர் லீக் கிரிக்கெட்டின் இறுதிக் கட்டமும் பெரும்பாலும் வந்து சேர்கின்றது. நந்திக்கடலோரத்து இக்கிராமத்திலும் கரைதுறைப்பற்றின் ஏனைய கிராமங்களிலும் அந்த ஆட்டங்களை வீட்டிலிருந்தவாறே பார்ப்போரில் பலரின் கூரையில் இருப்பது இந்திய நிறுவனம் ஒன்றின் டிஷ் ஆகும். அந்த நிறுவனத்தின் உரிமம் இந்திய எல்லைக்குள் மட்டுமே செல்லுபடியாவது. மாதக் கட்டணத்தை ஊர்க்கடையில் இலங்கை ரூபாவில் கொடுத்தால், அது கடலுக்கு அப்பாலுள்ள ஒரு கணக்கில் இந்திய ரூபாவாக வரவு வைக்கப்படுகின்றது. வடக்கில் நீண்டகாலமாகப் பரவியுள்ள இவ்வழக்கத்தைச் சட்டம் ஏற்கவில்லை. ஆயினும் அது மறைவாக நடப்பதுமில்லை.

இதனால் ஒரு விசித்திர நிலை தோன்றியிருக்கின்றது. புதுடில்லியிலுள்ள இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அதாவது சுருக்கமாக 'ட்ராய்', அலைவரிசைகளின் விலை குறித்து ஓர் ஆணையைப் பிறப்பித்தால் அதன் விளைவு முல்லைத்தீவு மாவட்டத்திலும் உணரப்படுகின்றது. ஆனால் அந்த ஆணையத்திடம் முறையிடும் உரிமை இங்குள்ள பாவனையாளருக்கு இல்லை. கொழும்பிலுள்ள ஆணைக்குழுவிடம் சென்றாலோ, உரிமம் பெறாத சேவை ஒன்றைப் பற்றி முறையிட வந்தவராகவே அவர் கருதப்படுவார். இரு நாடுகளின் சட்டங்களுக்கும் இடையிலுள்ள வெளியில் நின்றுகொண்டு பணம் செலுத்தும் இந்தக் குடும்பங்களுக்காகவேனும், தொலைக்காட்சிப் பொதிகளும் விளையாட்டு ஒளிபரப்பின் செலவும் எவ்வாறு கட்டுப்படுத்தப்பட்டு வந்துள்ளன என்பதை இங்கு விரிவாக நோக்குவது பொருத்தமென நாம் கருதுகின்றோம்.

விளையாட்டுத்தானே, இதற்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி என்று சிலர் கேட்கக்கூடும். 2024 மே மாதத்தில் யாழ். மத்திய கல்லூரியின் பழைய மாணவரான விஜயகாந்த் வியாஸ்காந்த், சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்காக ஐ.பி.எல். களத்தில் இறங்கினார். வட மாகாணத்துப் பிள்ளை ஒருவர் அவ்வரங்கில் பந்து வீசியதைக் காண விரும்பாத தமிழ் வீடு இருந்திருக்குமா என்பது ஐயமே. அதைக் காண்பதற்கு எவ்வளவு செலுத்த வேண்டும், எதையெல்லாம் சேர்த்து வாங்க வேண்டும், அத்தொகையை யார் நிர்ணயிக்கின்றார்கள் என்பவை அற்பமான வினாக்களல்ல.

முதலில் பொதி என்னும் வியாபார உத்தியை விளங்கிக்கொள்ள வேண்டும். அடுத்தடுத்த இரு வீடுகளை எண்ணிக்கொள்வோம். முதலாவது வீட்டார் விளையாட்டு அலைவரிசைக்கு 100 ரூபா கொடுக்கவும், தொடர் நாடக அலைவரிசைக்கு 20 ரூபா கொடுக்கவும் தயாராக உள்ளனர். இரண்டாவது வீட்டாரின் விருப்பம் இதற்கு நேர்மாறானது. இரண்டையும் தனித்தனியே தலா 100 ரூபாவுக்கு விற்றால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் 100 ரூபாவே கிடைக்கும். இரண்டையும் ஒரே பொதியாகக் கட்டி 120 ரூபாவுக்கு விற்றால் இரு வீட்டாரும் வாங்குவர். விற்பவருக்கு 240 ரூபா சேரும். வாங்குபவரும் தாம் மனத்தில் மதித்ததற்கு மேல் கொடுக்கவில்லை. எனவே பொதி என்பது பிறவியிலேயே மோசடி எனக் கூறிவிட முடியாது. பல சிறு அலைவரிசைகள், குறிப்பாகச் செய்தி, கல்வி, சிறுவர் அலைவரிசைகள், பொதியின் நிழலிலேயே உயிர் வாழ்கின்றன.

சிக்கல் எழுவது, பொதியிலுள்ள ஒரு பொருளின் கொள்விலை மட்டும் ஆண்டுக்காண்டு பன்மடங்காகும்போது ஆகும். விளையாட்டில் நிகழ்ந்தது அதுவே. நாடகத்தைப் பல நிறுவனங்கள் தயாரிக்கலாம். ஒன்று விலை கூட்டினால் மற்றொன்றிடம் செல்லலாம். இந்திய அணியின் ஆட்டத்துக்கோ ஐ.பி.எல். இறுதிப் போட்டிக்கோ மாற்றுப் பண்டம் கிடையாது. உரிமையை விற்பவர் ஒருவர், வாங்கத் துடிப்பவர் பலர் என்ற ஏலத்தில் விலை எங்கே நிற்கும் என்பதை எவரும் ஊகிக்கலாம். அவ்வாறு ஏறிய விலை பொதியின் ஊடாக, கிரிக்கெட்டையே பார்க்காத இரண்டாவது வீட்டின் மீதும் சுமத்தப்படுகின்றது.

ஏற்றத்தின் அளவைச் சில எண்களால் காட்டலாம். 2008 இல் ஐ.பி.எல். ஆரம்பமானபோது பத்து ஆண்டுகளுக்கான ஒளிபரப்பு உரிமை ஏறத்தாழ 100 கோடி அமெரிக்க டொலருக்கு விற்கப்பட்டது. 2018 முதல் 2022 வரையான ஐந்தாண்டுகளுக்கு ஸ்டார் நிறுவனம் 16,347.5 கோடி இந்திய ரூபா கொடுக்க ஒப்புக்கொண்டது. 2023 முதல் 2027 வரையான உரிமைகள் 48,390 கோடி இந்திய ரூபாவுக்குப் போயின. இதில் இந்தியத் துணைக்கண்டத்துத் தொலைக்காட்சி உரிமை மட்டும் 23,575 கோடி. 410 ஆட்டங்கள் எனக் கொண்டு கணக்கிடப்பட்டதால் ஓர் ஆட்டத்துக்கு 57.5 கோடி. இருபது ஓவர் ஆட்டத்தில் இரு அணிகளும் வீசும் 240 பந்துகளால் இதைப் பிரித்துப் பார்த்தால், ஒரு பந்துக்கு ஏறத்தாழ 24 இலட்சம் இந்திய ரூபா வருகின்றது. வைட் பந்துகளை நாம் கணக்கில் சேர்க்கவில்லை.

இந்தியாவில் இவ்விடயம் நீதிமன்றத்தை எட்டியதே கிரிக்கெட்டினால்தான். 1993 இல் வங்காளக் கிரிக்கெட் சங்கம் நடத்திய ஹீரோ கிண்ணப் போட்டிகளின் உரிமை, அரச தொலைக்காட்சியான தூர்தர்ஷனுக்கு அன்றி வெளிநாட்டு நிறுவனமொன்றுக்கு வழங்கப்பட்டது. அதனால் மூண்ட வழக்கில் 1995 பெப்ரவரி 9 ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, வானலைகள் பொதுச் சொத்து என்றும், அவை அரசின் ஏகபோகமாகவோ தனியாரின் ஏகபோகமாகவோ இருத்தலாகாது என்றும், சுயாதீனமான பொது அதிகார சபையொன்று அவற்றை ஒழுங்குபடுத்த வேண்டும் என்றும் வகுத்தது. அதே ஆண்டில் கேபிள் தொலைக்காட்சிச் சட்டமும் நிறைவேறியது. தெருத்தெருவாகக் கம்பி இழுத்து வளர்ந்த தொழில் ஒன்றுக்கு அதுவே முதற் சட்டம்.

விலையைக் கட்டுப்படுத்தும் முயற்சிகள் அதன் பின்னரே வந்தன. 2002 இல் கொண்டுவரப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி, கட்டண அலைவரிசைகளைச் செற்-டொப் பெட்டி வழியாக, வேண்டியவர் மட்டும் பெறும் முறை அறிமுகமானது. 2003 செப்டெம்பர் 1 ஆம் திகதி அதை நடைமுறைப்படுத்திய ஒரே பெருநகரம் சென்னை. டில்லி, மும்பை, கொல்கத்தா ஆகியவை ஒதுங்கிக்கொண்டன. தெரிவுரிமை என்னும் அழகிய சொல்லோடு வந்த இம்முறை சென்னை வாசிக்கு அளித்த முதல் அனுபவம், பெட்டி வாங்காவிடில் கிரிக்கெட் இல்லை என்பதே. பெரும்பாலானோர் பெட்டியை வாங்கவில்லை; கட்டணமில்லா அலைவரிசைகளோடு அமைந்துகொண்டனர்.

2004 ஜனவரியில் ஒளிபரப்புத் துறையின் ஒழுங்குமுறைப் பொறுப்பு ட்ராயிடம் ஒப்படைக்கப்பட்டது. அது செய்த முதற் காரியம், 2003 டிசெம்பர் 26 ஆம் திகதியன்று நிலவிய கட்டணங்களை அப்படியே உறையச் செய்ததாகும். நோய் எதுவென்று அறியும்வரை நோயாளியை அசையாமல் படுக்க வைப்பது போன்ற சிகிச்சை அது. 2006 இல், பெட்டி முறை கட்டாயமாக்கப்பட்ட பகுதிகளில் கட்டண அலைவரிசை ஒவ்வொன்றுக்கும் 5 ரூபா என்றும், கட்டணமில்லா அலைவரிசைகள் அடங்கிய அடிப்படைத் தொகுதிக்கு 77 ரூபா என்றும் உச்சவரம்பு விதித்தது. செய்தி அலைவரிசைக்கும் அதே 5 ரூபா, கோடிகளைக் கொட்டி உரிமை வாங்கிய விளையாட்டு அலைவரிசைக்கும் அதே 5 ரூபா என்ற சமத்துவம் நீண்டகாலம் தாக்குப்பிடிக்கக்கூடியதல்ல.

தமிழ்நாட்டு அரசு வேறு வழியில் சென்றது. 2007 இல் அரசு கேபிள் தொலைக்காட்சிக் கழகம் தொடங்கப்பட்டது. பின்னர் முடங்கிக் கிடந்த அது 2011 செப்டெம்பரில் மீண்டும் உயிர்ப்பிக்கப்பட்டு, மாதம் 70 ரூபாவுக்கு இணைப்பு என அறிவிக்கப்பட்டது. ஏழை வீடுகளுக்கு அது பெரும் ஆறுதல் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் கம்பியை அரசு வைத்திருப்பதாலேயே அக்கம்பியில் ஓடும் ஆட்டத்தின் உரிமை அரசுக்கு வந்துவிடுவதில்லை. அலைவரிசை நிறுவனங்களோடு பேரம் பேச வேண்டிய நிலையிலேயே அரசும் இருந்தது. ஆட்சி மாற்றங்களுடன் அக்கழகத்தின் செல்வாக்கு ஏறி இறங்கியமையும் அனைவரும் அறிந்ததே.

ட்ராயின் மிக விரிவான முயற்சி 2017 மார்ச் 3 ஆம் திகதிய கட்டண ஆணை ஆகும். ஒவ்வோர் அலைவரிசைக்கும் தனி விலையை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். விரும்பியதை மட்டும் பாவனையாளர் வாங்கலாம். 19 ரூபாவுக்கு மேல் விலையிடப்பட்ட அலைவரிசையைப் பொதியில் சேர்க்கலாகாது. 100 சாதாரண அலைவரிசைகளுக்கான இணைப்புக் கட்டணம் 130 ரூபாவைத் தாண்டலாகாது என்பன அதன் சாரம். ஸ்டார் நிறுவனமும் விஜய் தொலைக்காட்சியும் இதனை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடின. விலையை வகுப்பது பதிப்புரிமைச் சட்டத்தின் எல்லைக்குள் நுழைவதாகும் என்பது அவற்றின் வாதம். இரு நீதியரசர்களிடையே 2018 மார்ச்சில் கருத்து வேறுபாடு எழ, மூன்றாவது நீதியரசரின் முடிவு ட்ராய்க்குச் சார்பாக அமைந்தது. பொதிக்கான தள்ளுபடி 15 வீதத்தைத் தாண்டலாகாது என்ற விதி மட்டும் நிராகரிக்கப்பட்டது. 2018 ஒக்டோபர் 30 ஆம் திகதி உச்ச நீதிமன்றமும் ஆணையை உறுதி செய்தது. 2019 பெப்ரவரியில் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

நிராகரிக்கப்பட்ட அந்த ஒரு விதியில்தான் சூட்சுமம் அடங்கியிருந்தது என்பது எமது கணிப்பு. தள்ளுபடிக்கு வரம்பு இல்லாதபோது தனி விலை என்பது பெயரளவிலானது. ஐந்து அலைவரிசைகளைத் தனித்தனியே வாங்கினால் 60 ரூபா, அவற்றோடு வேறு பத்தையும் சேர்த்துப் பொதியாக வாங்கினால் 40 ரூபா என்று பட்டியலிட்டால் தனியே வாங்குவோர் யார்? தெரிவுரிமை ஏட்டில் இருந்தது, பொதி வீட்டில் இருந்தது. அதோடு 19 ரூபா என்ற உச்சவரம்பு, நடைமுறையில் முன்னணி அலைவரிசைகளின் குறைந்தபட்ச விலையைப் போலாகிவிட்டது. ஸ்டார் ஸ்போர்ட்ஸ் 1 உள்ளிட்ட முக்கிய விளையாட்டு அலைவரிசைகள் சரியாக 19 ரூபாவிலேயே வந்து நின்றன. 18 வீத வரியைச் சேர்த்தால் அது 22 ரூபா 42 பைசா. இணைப்புக் கட்டணமான 130 ரூபாவும் வரியோடு 153 ரூபா 40 பைசா ஆகியது. சில அலைவரிசைகளை மட்டும் தெரிந்தெடுத்துச் செலவைக் குறைக்கலாம் என எண்ணிய வீடுகள் பலவற்றின் மாதச் செலவு கூடியதே மிச்சம்.

ட்ராய் மீண்டும் முயன்றது. 2020 ஜனவரி 1 ஆம் திகதி வெளியிட்ட திருத்தத்தில் 19 ரூபா வரம்பை 12 ரூபாவாகக் குறைத்தது. பொதியிலுள்ள அலைவரிசைகளின் தனி விலைகளின் கூட்டுத்தொகை, பொதி விலையின் ஒன்றரை மடங்கைத் தாண்டலாகாது என்றது. 2021 ஜூன் 30 இல் மும்பை உயர் நீதிமன்றம் இத்திருத்தத்தின் பெரும்பகுதியை ஏற்றது. அதற்கு ஒளிபரப்பாளர்கள் அளித்த பதில் கவனத்துக்குரியது. அவ்வாண்டு ஒக்டோபரில் அவர்கள் அறிவித்த புதிய விலைகளில், மக்கள் அதிகம் விரும்பும் அலைவரிசைகளையும் விளையாட்டு அலைவரிசைகளையும் பொதியிலிருந்து வெளியே எடுத்து 12 ரூபாவுக்கு மேல் விலையிட்டனர். வரம்பு பொதிக்குள் இருப்பவற்றுக்குத்தானே. வெளியே எடுத்துவிட்டால் வரம்பு ஏது? கட்டணத்தைக் குறைக்க வந்த விதி கட்டணத்தை உயர்த்தும் என்ற நிலை உருவாகியது. ஈற்றில் 2022 நவம்பரில் ட்ராய் பழைய 19 ரூபாவுக்கே திரும்பியது. தள்ளுபடிக்கு 45 வீதம் என்ற வரம்பைப் பெற்றதே அது கண்ட பலன். 2023 பெப்ரவரியில் புதிய விலைகளுக்கு இணங்க மறுத்த கேபிள் நிறுவனங்களுக்குப் பெரிய ஒளிபரப்பாளர்கள் சமிக்ஞையைத் துண்டித்தனர். சில நாட்கள் பல இலட்சம் வீடுகளின் திரைகள் இருண்டன. 2024 ஜூலையில் இணைப்புக் கட்டணத்துக்கான வரம்பையும் ஆணையம் கைவிட்டது.

இருபது ஆண்டுகளின் இவ்வரலாற்றில் ஒழுங்குபடுத்துவோரின் நேர்மையை நாம் ஐயுறவில்லை. ஆனால் அவர்கள் பிடித்தது வாலை, தலையை அல்ல. ஏலத்தில் உரிமையின் விலை ஏறும் இடத்தில் எவருடைய கையும் படவில்லை. கடைசியில் வீட்டுக்கு வரும் சீட்டில் மட்டும் வரம்பு விதிக்கப்பட்டது. ஒரு பக்கம் அழுத்தினால் மறு பக்கம் புடைக்கும் பலூனைப் போலவே அது நடந்துகொண்டது.

ஒரேயொரு விதி மட்டும் வேறுவிதமாகச் செயற்பட்டது. 2004 இல் இந்திய அணி பாகிஸ்தானுக்குச் சென்றபோது தனி உரிமை டென் ஸ்போர்ட்ஸ் நிறுவனத்திடம் இருந்தது. கேபிள் இல்லாத கோடிக்கணக்கான வீடுகளின் கதி என்ன என்ற வினாவோடு வழக்குகள் எழ, ஆட்டங்களைத் தூர்தர்ஷனோடு பகிருமாறு உச்ச நீதிமன்றம் பணித்தது. 2007 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகள் அணி இந்தியாவுக்கு வந்தபோது நிம்பஸ் நிறுவனத்துடன் அதே சச்சரவு மீண்டும் தோன்றியது. அதைத் தொடர்ந்து பெப்ரவரியில் அவசரச் சட்டமும், பின்னர் நாடாளுமன்றச் சட்டமும் வந்தன. தேசிய முக்கியத்துவம் உடையதென அறிவிக்கப்படும் விளையாட்டு நிகழ்வின் நேரடிச் சமிக்ஞையை, விளம்பரங்கள் நீங்கலாக, அரச ஒளிபரப்பாளருக்குக் கட்டாயம் வழங்க வேண்டும். விளம்பர வருமானத்தில் 75 வீதத்துக்குக் குறையாத பங்கு உரிமையாளருக்கு, எஞ்சியது அரச ஒளிபரப்பாளருக்கு என்பது ஏற்பாடு.

இச்சட்டம் விலையைத் தொடவேயில்லை. பொதியையும் தொடவில்லை. குறிப்பிட்ட சில ஆட்டங்களைக் காண எவரும் பொதி வாங்க வேண்டியதில்லை என்ற நிலையை மட்டும் உருவாக்கியது. அதனாலேயே அது நிலைத்தது என நாம் எண்ணுகின்றோம். 2017 ஓகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதன் எல்லையைச் சுருக்கியது என்பதையும் சொல்லியாக வேண்டும். பகிரப்பட்ட சமிக்ஞையைத் தூர்தர்ஷன் தன் தரைவழி ஒளிபரப்பிலும், மாதக் கட்டணமற்ற தன் டி.டி. பிரீ டிஷ் சேவையிலும் காட்டலாம். ஆனால் தனியார் கேபிள் நிறுவனங்கள் தூர்தர்ஷனின் அலைவரிசை ஊடாக அதை மறுஒளிபரப்புச் செய்ய இயலாது என்பது தீர்ப்பு. ஐ.பி.எல். அப்பட்டியலில் என்றுமே இடம்பெறவில்லை. தேசிய அணியின் ஆட்டம் ஒரு நாட்டின் பொது நிகழ்வு. தனியார் அணிகளின் போட்டி வர்த்தகம் என்ற வேறுபாடு நியாயமானதே.

இந்த எண்ணம் இந்தியாவில் பிறந்ததன்று. பிரித்தானியாவில் 1996 ஆம் ஆண்டின் ஒளிபரப்புச் சட்டம், ஒலிம்பிக், உலகக் கிண்ண உதைபந்தாட்டம், விம்பிள்டன் இறுதிப் போட்டிகள் போன்றவற்றைப் பட்டியலிட்டுப் பாதுகாக்கின்றது. அங்கு கிரிக்கெட்டுக்கு நேர்ந்த கதி எமக்கு ஒரு பாடம். இங்கிலாந்து அணியின் உள்நாட்டு டெஸ்ட் ஆட்டங்கள் 1998 இல் முழுப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து கீழிறக்கப்பட்டன. 2005 ஆஷஸ் தொடரை நாடே சனல் 4 இல் பார்த்துக் களித்தது. அடுத்த ஆண்டு முதல் ஆட்டங்கள் யாவும் ஸ்கை நிறுவனத்தின் கட்டண அலைவரிசைக்குப் போயின. கிரிக்கெட் சபைக்குப் பணம் பெருகியது, பார்வையாளர் குறைந்தனர். 2019 உலகக் கிண்ண இறுதிப் போட்டியை ஸ்கை நிறுவனம் தானாக முன்வந்து சனல் 4 உடன் பகிர்ந்தபோதே பல பிரித்தானியச் சிறுவர்கள் முதன்முறையாகத் தம் அணியின் ஆட்டத்தை இலவசமாகக் கண்டனர். எம்மவர் பெருந்தொகையாக வாழும் கனடாவில், 2016 மார்ச் முதல் 25 டொலருக்கு மேற்படாத அடிப்படைப் பொதியும், அவ்வாண்டு டிசெம்பர் முதல் தனித்தனியே தெரியும் உரிமையும் கட்டாயமாக்கப்பட்டன. அங்கும் பெட்டி வாடகை, இழந்த சலுகைகள் எனக் கட்டணம் வேறு பெயர்களில் திரும்பி வந்ததாகவே பாவனையாளர்கள் குறைகூறினர்.

இனி இலங்கைக்கு வருவோம். இங்கே ஒளிபரப்புக்கெனத் தனியான சுயாதீன ஆணைக்குழு கிடையாது. 1997 இல் கொண்டுவரப்பட்ட ஒளிபரப்பு அதிகார சபைச் சட்டமூலம், அச்சபை அரசின் பிடியிலிருந்து விடுபட்டதாக அமையவில்லை என்ற காரணத்தால் அரசியலமைப்புக்கு முரணானதென உயர் நீதிமன்றத்தால் தீர்மானிக்கப்பட்டது. (இந்திய வழக்கில் உச்ச நீதிமன்றம் எனப்படுவதை இலங்கை வழக்கில் உயர் நீதிமன்றம் என்கிறோம்.) 2023 இல் முன்வைக்கப்பட்ட ஒளிபரப்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுச் சட்டமூல வரைவும் ஊடக அமைப்புகளின் கடும் எதிர்ப்பைச் சந்தித்துச் சட்டமாகாமலே போயிற்று. அவ்வெதிர்ப்பில் நியாயம் இருந்தது. செய்தியைக் கட்டுப்படுத்தும் ஆசை, ஒழுங்குபடுத்தல் என்னும் போர்வையில் வருவதை இந்நாட்டுத் தமிழ் ஊடகங்களை விட நன்கறிந்தவர் யார்? ஆனால் அந்த ஆசையின் காரணமாகப் பாவனையாளரின் நலன் பற்றிய விதிகளும் ஒவ்வொரு முறையும் சேர்ந்தே கைவிடப்பட்டன.

எஞ்சியிருப்பது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. கட்டணத் தொலைக்காட்சியின் விலையேற்றத்துக்கு அனுமதி வழங்குவது அதுவே. 2022 இல் டொலரின் பெறுமதி 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை தாவிய பின்னர், அவ்வாண்டு செப்டெம்பர் 5 ஆம் திகதி முதல் தொலைபேசி மற்றும் இணையக் கட்டணங்களை 20 வீதத்தாலும் கட்டணத் தொலைக்காட்சிக் கட்டணங்களை 25 வீதத்தாலும் உயர்த்த அது இணங்கியது. வெளிநாட்டு அலைவரிசைகளுக்கு டொலரிலேயே பணம் செலுத்த வேண்டியிருப்பதால் ஓர் உயர்வு தவிர்க்க முடியாததாக இருந்திருக்கலாம். ஆனால் அந்த 25 வீதத்தில் விளையாட்டு உரிமையின் பங்கு எவ்வளவு, மற்றவற்றின் பங்கு எவ்வளவு என்பது வீட்டுச் சீட்டில் பிரித்துக் காட்டப்படவில்லை. பொதி முழுவதற்கும் ஒரே விகிதத்தில் உயர்வு. இந்தியாவில் ஏட்டளவிலேனும் உள்ள தனி விலை அறிவிப்பு விதிக்கு இணையானது இங்கு இல்லை.

வன்னியைப் பொறுத்தவரை இன்னொரு விடயமும் உண்டு. போர்க்காலத்தில் இப்பகுதியின் பெரும்பாகம் மின்விநியோகமே இன்றி வாழ்ந்தது. 1996 மார்ச்சில் லாகூரில் இலங்கை அணி உலகக் கிண்ணத்தை வென்றதைத் தென்னிலங்கை தொலைக்காட்சியில் கண்டது. இங்கோ கிடைத்த பற்றரியில் இயங்கிய வானொலியே துணை. 1990 இல் அழிந்த கொக்காவில் ஒளிபரப்புக் கோபுரம் 2011 ஜூன் மாதத்தில் 174 மீற்றர் உயரத்தில் மீளத் திறக்கப்பட்டது. இன்று சாதாரண அன்டெனாவில் அரச அலைவரிசைகள் வன்னிக்கு எட்டுவதற்கான வசதி உண்டு. கோபுரம் இருக்கின்றது. அதில் எந்த ஆட்டம் ஏறும் என்பதே நிச்சயமில்லை. இலங்கை அணியின் உள்நாட்டு ஆட்டங்கள் ஒரு காலத்தில் ரூபவாஹினியிலும், பின்னர் 2011 இல் தொடங்கி 2016 இல் முடிந்துபோன சி.எஸ்.என். அலைவரிசையிலும், அதன் பின் வேறிடங்களிலுமாக அலைந்தன.

உரிமைப் பணத்தால் மைதானங்களும் வீரர்களும் வளர்கின்றனர். கட்டாயப் பகிர்வு அப்பணத்தைக் குறைக்கும் என்ற மறுதரப்பு வாதம் வெறுமையானதன்று. வடக்கில் தரமான மைதானம் வேண்டுமென்று கேட்கும் நாமே அதை அலட்சியம் செய்ய முடியாது. எனினும் இந்தியாவில் 2007 ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பின்னரும் இந்திய அணியின் உரிமைகளை வாங்குவதற்குப் போட்டி ஓயவில்லை. ஆகவே இலங்கை அணி விளையாடும் உலகக் கிண்ண ஆட்டங்கள், ஒருநாள் மற்றும் இருபது ஓவர் சர்வதேசப் போட்டிகள், ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு விழா, உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தின் அரையிறுதியும் இறுதியும் என ஒரு குறுகிய பட்டியலைச் சட்டத்தில் எழுதி, அவற்றின் சமிக்ஞையைத் தரைவழி ஒளிபரப்புக்கு வழங்கக் கோருவது மிகையான கோரிக்கையாகாது. உதைபந்தாட்டத்தைச் சேர்க்க வேண்டும் என்பதில் நாம் சற்று அழுத்தமாகவே இருக்கின்றோம். முல்லைத்தீவுக் கரையோரத்தில் மாலை வேளைகளில் உருள்வது பெரும்பாலும் அந்தப் பந்துதான்.

ஒளிபரப்பு முழுவதையும் ஆளும் பெருஞ் சட்டமூலம் ஒன்றுக்காகக் காத்திராமல் இதனைத் தனிச் சிறு சட்டமாகவே கொண்டுவரலாம். செய்தியின் சுதந்திரத்தை அது எவ்விதத்திலும் தீண்டாது. தொலைத்தொடர்புகள் ஆணைக்குழுவோ அதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த கட்டண உயர்வு விண்ணப்பம் வரும்போது, பொதியின் விலையில் விளையாட்டு அலைவரிசைகளுக்குப் போகும் பங்கைத் தனியே காட்டுமாறும், விளையாட்டு வேண்டாத வீட்டுக்கு அப்பங்கைக் கழித்த பொதியொன்றை வழங்குமாறும் அனுமதிக்கு நிபந்தனை விதிக்கலாம். இந்திய அனுபவத்திலிருந்து அதற்கு ஓர் எச்சரிக்கை மட்டும் போதும்: விளையாட்டு நீங்கிய பொதிக்கும் விளையாட்டு உள்ள பொதிக்கும் இடையிலான விலை வேறுபாடு, உண்மைச் செலவின் வேறுபாட்டை ஒட்டியதாக இருக்க வேண்டும். அல்லாவிடில் பத்து ரூபா மட்டும் குறைத்துவிட்டுத் தெரிவுரிமை அளித்தோம் என்பர்.

வற்றாப்பளையின் கூரைகளிலுள்ள இந்திய டிஷ்களைக் கழற்றச் சொல்வது எளிது. ஆனால் அவை அங்கு ஏறியது கட்டணத்துக்காக மட்டுமன்று, மொழிக்காகவும் ஆகும். 2017 இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் 1 தமிழ் ஆரம்பமான பின்னர் கிரிக்கெட்டை முழுமையாகத் தமிழ் வர்ணனையோடு கேட்கும் வாய்ப்பு அந்த டிஷ்ஷின் வழியே கிடைத்தது. இலங்கை அணியின் ஆட்டத்தைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் கேட்க நேரும் தமிழ் வீடு, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் உள்ளூர்ச் சேவைக்குத் திரும்பாது. நாம் முன்மொழியும் பட்டியலிலுள்ள ஆட்டங்கள் ரூபவாஹினியின் தமிழ் அலைவரிசையான நேத்ராவில் தமிழ் வர்ணனையோடு ஒளிபரப்பாக வேண்டும் என்பதையும் அதே சட்டத்தில் ஓர் உட்பிரிவாக எழுதுவது அவசியம். வர்ணனையாளர் இருவரும் ஓர் ஒலிப்பதிவு அறையும் அதற்குப் போதும்.